எந்த வார்டிலும் இல்லாத பெரியவர்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா?

நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் ஒரு கூத்து நடந்தது, பயப்படாதே. ஒரு பெரியவரை வேறு வார்டுக்கு மாற்றினார்கள். கம்ப்யூட்டரில் புது வார்டில் அவரைச் சேர்த்து, பழைய வார்டிலிருந்து நீக்க வேண்டும். சேர்த்த கையோடு, எல்லாப் பதிவும் இருக்கும் சர்வர் கம்ப்யூட்டருடன் இணைப்பு அறுந்ததால், வேலை பாதியில் நின்றதென்று சர்வர் சேர்த்ததை ரத்து செய்துவிட்டது. நாங்கள் எழுதிய புரோகிராமோ சத்தமில்லாமல் மறுபடி இணைந்து, மிச்சமிருந்த நீக்கும் வேலையை மட்டும் முடித்துவிட்டது.

மதியம் நர்ஸ் போன் செய்தார். "கட்டில்ல ஆள் இருக்காரு, கம்ப்யூட்டர்ல இல்லையே! சாப்பாடும் வரல, மருந்தும் வரல."

அவர் பெயரை மறுபடி ஏற்றிவிட்டு, படியேறி ஓடினேன்.

"என்னை மறந்துட்டீங்களாம்மா?" என்றார் பெரியவர்.

"எங்க தப்புதாங்க ஐயா, மன்னிச்சிடுங்க" என்றேன். அவர் சாப்பிட்டு, மருந்து குடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். நன்றாக இருக்கிறார். இணைப்பு அறுந்தால் இனி முதலிலிருந்தே தொடங்கும்படி புரோகிராமை மாற்றிவிட்டோம்.

ஒரு உதவி, அம்மா. அறை ரொம்ப அமைதியாக இருப்பதால் தூக்கம் வரவில்லை. அப்பாவின் குறட்டையைப் போனில் பதிவு செய்து அனுப்பு. அவரிடம் சொல்லாதே, கோபித்துக்கொள்வார். வேலைக்கு நேரமாகிவிட்டது.

உன் செல்ல மகள்