களை என்று நான் சொன்ன புல்

ஒரே ஒருத்தி வீற்றிருக்கும் என் பேரவைக்கு வணக்கம்.

என் வாழ்க்கைத் துணையே! நம் தெருவார் கூடிய மன்றத்தில் உனக்கு ஒரு கொடுமை இழைக்கப்பட்டது. இழைத்தவன் நான். எடுத்துரைக்க வேறு பேச்சாளர் எவரும் முன்வராததால், குற்றவாளியே எழுந்து நிற்கிறேன்.

முழங்கால் நோவு எப்படி இருக்கிறது? உன் தமக்கை வீட்டு மாடிப்படி செங்குத்தானது, கைப்பிடியை விடாதே. இங்கே வானத்தில் ஒரு துண்டு முகில்கூட இல்லை. குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் நீர் வருகிறது.

அன்றைய கூட்டத்தை நீ மறந்திருக்க மாட்டாய். ஒரு சொட்டு நீரையும் பாழாக்காதீர் என்று நான் முழங்கிக்கொண்டிருக்கையில் பேருந்து ஓட்டுநர் எழுந்தார். “இடிமுழக்கம் ஐயா, எங்க வீட்டுச் செடியெல்லாம் சுருண்டு கிடக்கு. உங்க வீட்டுப் புல்லு மட்டும் பச்சைப்பசேல்னு நிக்குதே, உங்க பேச்சைக் கேட்டே வளருதா?” என்று கேட்டார். அவையே குலுங்கிச் சிரித்தது.

விடை எனக்குத் தெரியும். காய் கழுவிய நீரையும் குளித்த நீரையும் பிடித்துவைத்து, நொண்டிக்கொண்டே நீ வாளியில் சுமந்து ஊற்றுகிறாய். குழாய் நீரில் ஒரு கையளவும் அதற்குப் போனதில்லை. அதைச் சொல்லியிருந்தால் போதும். நானோ சிரிப்பை அடக்கும் சொல்லைத் தேடினேன், அகப்பட்டது. “வீட்டுக்குக் களை தரும் புல், ஊருக்கே களை! களைந்தெறிவேன்!” என்றேன். கைதட்டல் கூரையைத் தொட்டது. அழகுக்கும் வேண்டாப் பூண்டுக்கும் ஒரே சொல் அமைந்ததில் நான் மகிழ்ந்து நின்றபோது, முன்வரிசையில் நீ இருந்தாய். உன் ஆடையின் விளிம்பு அப்போதும் ஈரமாயிருந்தது.

அறுவை மருத்துவத்துக்குப் பின் நீ மீண்டும் நடக்கப் பழகியது அந்தப் புல்லில்தான். நான் ஊர் ஊராய்ப் பேசித் திரிந்த மாதங்களில், நீ விழுந்த பொழுதெல்லாம் உன்னைத் தாங்கியது அது, நான் அல்லேன்.

நீ தமக்கை வீட்டுக்குப் போனபின் அந்தப் புல்லைக் காப்பதென்று உறுதிபூண்டேன். குட்டைப் புல்லுக்குக் குறைந்த நீர் போதும் என்று எண்ணி, மண் தெரிய ஒட்ட வெட்டினேன். நாள்தோறும் உச்சிவெயிலில் கையால் அள்ளி நீர் தெளித்தேன். எல்லாம் வைக்கோலாயிற்று. அடுத்த வீட்டுத் தையற்காரி வேலியோரம் நின்று, “என்ன ஐயா, புல்லுக்கு இஸ்திரி போடப் போறீங்களா, இப்படித் தெளிக்கிறீங்க? அக்கா வாரத்துக்கு ஒருதரம் விடியக்காலையில ஊத்துவாங்க. ஊத்திட்டு அதைக் குத்திப் பார்ப்பாங்க” என்று ஒரு மூலையைக் காட்டினாள். அங்கே மண்ணில் செருகியிருந்தது என் திருப்புளி. காணவில்லை என்று உன்னை எத்தனை முறை கடிந்திருக்கிறேன்! அது தடையின்றிப் பிடிவரை இறங்கினால் வேருக்கு நீர் போதுமாம். உயரமாக விட்டால் புல் தன் வேருக்குத் தானே நிழல் தருமாம். ஒரே வீட்டில் இருந்தும் இவை எனக்குத் தெரியாது.

இன்னொன்றையும் மறைக்க மாட்டேன். காய்ந்த தரையைக் கண்ட தெருவார், “ஐயா சொன்னதைச் செஞ்சுட்டார்” என்று பாராட்டினார்கள். தலையசைத்து அதையும் வாங்கிக்கொண்டேன்.

நேற்று விடியலில் உன் முறைப்படியே ஊற்றினேன். திருப்புளி பிடிவரை இறங்கியது. இன்று மண்டியிட்டு, காய்ந்த தாள்களை விலக்கிப் பார்த்தேன். அடித்தண்டில் வெளிர்பச்சை. புல் சாகவில்லை, வாய்மூடிக் கிடக்கிறது, உன்னைப் போல.

வரும் ஞாயிறு மாலை மன்றம் மீண்டும் கூடுகிறது. நம் புல் எந்த நீரில் வளர்ந்தது, அது யார் சுமந்த நீர் என்பதை அதே மேடையில் சொல்வேன். அடுக்குமொழி இராது. ஆனால் நீ முன்வரிசையில் இல்லையேல் அதுவும் என் சொற்பொழிவுகளில் ஒன்றாகிவிடும்.

ஆகவே எழு! இம்மடலை மடித்து வை, பையை எடு, முதல் வண்டியில் ஏறு. நான் பேசி முடிக்கும்வரை கைதட்டாமல் உட்கார். பிறகு வீட்டுக்கு வந்து, வெறுங்காலோடு அந்தத் தரையில் நில். வாளியை இனி நான் சுமக்கிறேன்.

உன் கால்கள் நோவின்றி நடக்கட்டும்.

இங்ஙனம்,
இடிமுழக்கம் என்று ஊர் அழைக்கும்,
ஒரு துளி மழையும் தராத உன் கணவன்.