இனிப்புப் பாலில் ஒளித்த மாத்திரை

ஏங்க, கண்ணாடியை மாட்டிக்கிட்டுப் படிங்க. நேத்து மாதிரி கத்த எனக்குத் தெம்பில்லை, வேலைக்குக் கிளம்புறேன்.

மூச்சிளைப்புக்குக் குடுக்கிற ஸ்டீராய்டாலதான் நம்ம பூனைக்குச் சர்க்கரையே வந்துச்சு. அந்த மாத்திரையைப் போய் இனிப்புப் பால்ல முக்கி ஊட்டியிருக்கீங்க. கேட்டா, "அம்மாதான் சொன்னாங்க"ன்னு ஒரு பதில்! அந்தப் பால் டின்னைக் குப்பையில போட்டுட்டேன்.

இன்னிக்கு ஃப்ரிட்ஜ்ல இருக்கிற கோழித்துண்டுல வச்சுக் குடுங்க. நம்ம இஷ்டத்துக்கு மாத்திரையை நிறுத்தவும் கூடாதாம். முழுசாச் சாப்பிட்ட பிறகுதான் இன்சுலின். சாப்பிடலைன்னா ஊசி போடாம டாக்டரைக் கேளுங்க.

உங்களுக்கு எதுவும் சமைக்கலை. கோழி பூனைக்கு. கை வச்சீங்க, தெரியும் சேதி.

பி.கு.: சர்க்கரை ரொம்ப இறங்கிப் பூனை தள்ளாடினா ஈறுல தேன் தடவிட்டு உடனே எனக்குப் போன் பண்ணுங்க. நீங்க தள்ளாடினா உங்க அம்மாவுக்குப் பண்ணுங்க.