லேஞ்சியின் மூலை

அன்புள்ள அப்பா,

வேலையில் மூக்கை மூடிக் கட்டும் உங்கள் நீல லேஞ்சியின் மூலையை எலி கடிக்கவில்லை. அம்மாவைத் திட்டாதீர்கள். போன முறை வீட்டுக்கு வந்தபோது நான்தான் வெட்டி எடுத்தேன்.

துணியை அப்படியே எங்கள் ஆய்வுகூடத்தில் எதையும் பல்லாயிரம் மடங்கு பெரிதாக்கிக் காட்டும் இலத்திரன் நுணுக்குக்காட்டியில் வைத்தால் படம் வெளுத்துப்போகும். அதனால் முதலில் கண்ணுக்கே தெரியாத அளவு மெல்லிய தங்கப் படலம் பூசுவோம். கூட வேலை செய்யும் ஸில்மியா பார்த்துவிட்டுச் சிரித்தாள். "லேஞ்சிக்கே தங்கமா? அப்ப எனக்கு ஒரு சோடி தோடு பூசித் தாங்களேன்!"

படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். கயிறுகள் போலத் தெரிபவை நூல்கள். அவற்றில் ஒட்டியிருக்கும் பொடிகள் உங்கள் கல்லுடைக்கும் மெஷினின் தூசி. நூல்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைப் பாருங்கள். பத்துப் பொடிகள் கைகோத்துக்கொண்டு போகலாம்.

"லேஞ்சியக் கட்டிக்கிட்டா போதும் புள்ள, தூசி என்ன செஞ்சிரும்?" என்று இருபது வருஷமாகச் சொல்கிறீர்கள். நானும் நம்பித்தான் இருந்தேன்.

சரியான முகமூடிகள் ஆறு அனுப்புகிறேன். வெற்றிலை போட முடியாது என்பீர்கள். போடாதீர்கள். வெள்ளிக்கிழமை லீவு எடுத்திருக்கிறேன். மாத்தளை ஆஸ்பத்திரியில் உங்கள் நெஞ்சையும் ஒரு படம் எடுத்துவிடுவோம்.

போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு நீங்கள் இருமுவது எனக்குக் கேட்கிறது, அப்பா.

உங்கள் மகள்