மருந்துக்கடை வாசல், காலை 6.10

மார்ச் 3
காலை 6.10. மருந்துக்கடை வாசல். இருக்கிறான்.

பிரார்த்தனை முடித்து ஜன்னலைத் திறந்ததும் இதுதான் முதல் வேலை. குடியிருப்போர் சங்கத் தலைவர் செப்டம்பர் மூன்றாம் தேதி நோட்டைக் கொடுத்து, "உங்க கையில குடுத்தா ஒரு நாள் விட்டுப்போகாதும்மா" என்றார். பிச்சைக்காரன் அங்கேயே கிடக்கிறான் என்று தேதிவாரியாகக் காட்டினால்தான் நகராட்சி வண்டி வரும். இன்றோடு நூற்றெண்பத்திரண்டு வரி. வீட்டுக்காரர் கேலி செய்கிறார்: "சித்திரகுப்தன் லீவு போட்டா உன்னைத்தான் உக்கார வைப்பாங்க."

மார்ச் 6
வண்டி வந்தது, நான்காவது முறையாக. ஆளை ஏற்றினார்கள், மூட்டையைக் குப்பையில் போட்டார்கள். அதிலிருந்து பெரிய கத்தரிக்கோல் ஒன்று சாலையில் விழுந்தது. தையல்காரனாம்.

மார்ச் 7
6.10. இல்லை. அப்பாடா.

மார்ச் 9
இருக்கிறான். காலில் செருப்பில்லை. ஊருக்கு வெளியே இறக்கிவிட்டிருக்கிறார்கள், நடந்தே வந்துவிட்டான். போன மூன்று தடவையும் இதே கதைதான். பிறகு எதற்கு எழுதுகிறேன்?

மார்ச் 14
வீடில்லாதவர்களுக்கான உதவி மையத்திலிருந்து ஒரு பெண் சைக்கிளில் வருகிறாள். இன்று ஐந்தாவது நாள். நடைபாதையில் அவன் பக்கத்தில் உட்காருகிறாள். இருபது நிமிடம், ஒரு பேச்சில்லை, எழுந்து போய்விடுகிறாள். பார்த்துக்கொண்டே நின்றதில் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது.

மார்ச் 17
கெட்டிக்காரி! இன்று ஊசி நூலோடு தன் கிழிந்த பையை அவன் மடியில் வைத்தாள். புரட்டிப் பார்த்து, "இந்தத் தையலைப் போட்டவன் கையை ஒடிக்கணும்" என்றான். மாடிவரை கேட்டது. "நான்தாங்க போட்டேன்" என்றாள். சிரித்துவிட்டான். ஆறு மாதத்தில் அவன் சிரித்து நான் பார்த்ததில்லை. வண்டிக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து நகர்த்த முடியாததை இந்தப் பெண் ஒரு பையை வைத்து நகர்த்திவிட்டாள்.

மார்ச் 20
கீழே போய் அவளிடம் பேசினேன். அவனுக்கு மையத்தில் அறை தயாராம், பூட்டு சாவியோடு. ஆனால் ஆறு மாதம் ஒரே தெருவில் இருந்ததற்கு எழுத்தில் சான்று வேண்டுமாம்.

"வண்டிக்காரங்ககிட்ட கேட்டா இறக்கிவிட்ட தேதிதான் இருக்குங்கறாங்க அக்கா. மாசக் கடைசிக்குள்ள காட்டலேன்னா ரூம் வேற ஆளுக்குப் போயிடும்."

நோட்டைப் பற்றிச் சொல்லாமலே திரும்பினேன். மேலே வந்து நோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டேன். கொடுத்தால், வண்டியை வரவழைத்தது யாரென்று தெரிந்துவிடும். அந்தக் கத்தரிக்கோல் — அது போனதும் என்னால்தானே?

மார்ச் 21
பிரார்த்தனையில் மனசு நிற்கவில்லை. வீட்டுக்காரரிடம் சொன்னேன். "குடுத்துடேன்" என்றார்.

"எப்படிங்க அவன் மூஞ்சியில முழிப்பேன்?"

"ஆறு மாசமா தினம் காலையில யார் மூஞ்சியில முழிச்சியாம்?"

மார்ச் 22
கொடுத்தேன். தையல்காரர் எதிரிலேயே, நின்றபடி, "இதை எழுதினது நான்தான்" என்றேன். அவர் விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

"தெரியும்மா. கண்ணாடியும் பேனாவுமா ஜன்னல்ல நிப்பீங்களே."

பிறகு ஒரு பக்கத்தில் விரல் நின்றது. "நவம்பர் ஒம்பது இல்லேன்னு போட்டிருக்கீங்க. மழைக்குத் தூணுக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தேன். திருத்துங்க."

திருத்தி, ஓரத்தில் கையெழுத்திட்டேன். மன்னித்ததாக அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சைக்கிள் பெண் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லாமல் நோட்டைப் பையில் வைத்தாள். அவர் தைத்த பை. தையல் அவ்வளவு நேர்த்தி.

மார்ச் 29
தலைவர் வீடு தேடி வந்துவிட்டார். "சங்கத்து நோட்டை யாரைக் கேட்டும்மா குடுத்தீங்க?"

"அவர் தெருவை விட்டுப் போகணும்னுதானே கேட்டீங்க. போகப்போறார்."

காபியைக் குடிக்காமலே போய்விட்டார்.

மார்ச் 31
அறை கிடைத்துவிட்டது. முதலில் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுப் பார்த்தாராம். திறந்து, மறுபடி போட்டாராம். சைக்கிள் பெண் வெளியே காத்து நின்றிருக்கிறாள். அந்தப் பொறுமையில் கால் பங்கு எனக்கு வாய்த்தால் போதும், ஆண்டவா.

ஏப்ரல் 2
கடைக்குப் போய் ஒரு கத்தரிக்கோல் வாங்கிச் சைக்கிள் பெண்ணிடம் கொடுத்தனுப்பினேன். யார் கொடுத்தது என்று சொல்ல வேண்டாம் என்றேன். "கேட்டா பொய் சொல்ல மாட்டேன் அக்கா" என்றாள்.

ஏப்ரல் 4
நோட்டு இன்னும் உதவி மைய அலுவலகத்தில்தான் இருக்கிறது. கை சும்மா இருக்கவில்லை, அதனால் என் டைரியிலேயே எழுதுகிறேன்.

காலை 6.10. மருந்துக்கடை வாசல். இல்லை.