அவர் பாவு ஓடிய நாட்கள்

ஆவணி 9, வெள்ளி

காலையில் தூறல். பிறகு சுள்ளென்று வெயில். மிளகாய் காயப்போட்டு, எடுத்து, மறுபடி போட்டேன்.

வாலாஜாபாத் பிறந்த வீட்டிலிருந்து அண்ணன் இங்கே காஞ்சிபுரத்துக்குக் கொடுத்தனுப்பிய நோட்டு. சும்மா கிடந்தது. இன்று முதல் எழுதலாம் என்று இருக்கிறேன். அத்தைக்குப் படிக்கத் தெரியாது. வண்ணானுக்குப் போட்ட துணியைக் குறித்து வைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அவருக்குப் படிக்கத் தெரியும். ஆனால் பெண்டாட்டி நோட்டைப் பிரித்துப் பார்க்கிற மனுஷர் இல்லை.

அவருக்கு இன்றும் வந்தது. தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்து அரை மணி கூட இருக்காது. ஊடுநூல் ஓட்டுகிற நாடாவைப் போட்டுவிட்டு மாரைப் பிடித்துக்கொண்டார். முகமெல்லாம் வேர்வை, கை சில்லென்று.

"நாகு, மூச்சு அடைக்குது. நான் போறேன் நாகு."

சித்திரையிலிருந்து இப்படி இருபது தடவை போயிருக்கிறார். கால் மணியில் திரும்பியும் வந்துவிடுகிறார். கேலியாக எழுதுகிறேனே தவிர, அந்தக் கால் மணி எனக்கும் உயிர் என்னிடத்தில் இல்லை. இந்தப் படபடப்பை இனி ப. என்று எழுதுகிறேன். முழுப்பேரையும் எழுதினால் கூப்பிடுவது போல இருக்கிறது.

இதுவரை செய்தவை: தாயத்து. வேப்பிலை மந்திரிப்பு, மூன்று வெள்ளிக்கிழமை. எலுமிச்சம்பழம் தலைமாட்டில். லேகியம் (கசப்பு, நானும் நக்கிப் பார்த்தேன்). அதற்கு மேல் அத்தையின் சட்டம்: பிள்ளை படுத்தே இருக்க வேண்டும். தண்ணீர் தூக்கக்கூடாது, படி ஏறக்கூடாது, வேகமாக நடக்கக்கூடாது.

ஆவணி 12, திங்கள்

ஆஸ்பத்திரிக்குப் போனோம், மூன்று பேரும். டாக்டர் மாரில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். முதுகைத் தட்டினார்.

"இருதயம் குதிரை கணக்கா இருக்குது. ஒரு கோளாறும் இல்ல. நரம்புதான் பயந்து போயிருக்குது. வேர்க்க வேர்க்க நடக்கச் சொல்லும்மா. தினமும்."

வெளியே வந்ததும் அத்தை வெடித்தாள். "நோயாளிய நடன்னு சொல்றவன் டாக்டராடி? நான் பெத்த பிள்ள, எனக்குத் தெரியாதா?"

வீடு வரும்வரை அவர் தரையைப் பார்த்தே நடந்தார். நன்றாகத்தான் நடந்தார்.

ஆவணி 14, புதன்

வெயில். இன்று நம் வீட்டுப் பாவு, தறிக்கு நீளநூல் தயார் செய்கிற நாள். தெரு நெடுகக் கழி நட்டாயிற்று. நூல் சுற்றிய தண்டான நூல்கதிரைக் கையில் பிடித்துக்கொண்டு கழிகளுக்கு நடுவே போவதும் வருவதுமாக நூலை இழுக்க வேண்டும். அதைத்தான் பாவு ஓடுவது என்போம். எங்கள் தெருவில் அது பெண்கள் வேலை. போன பாவு வரைக்கும் நான்தான். இப்போது ஏழாம் மாதம், குனிந்தால் வயிறு முட்டுகிறது. அத்தைக்கு முட்டிவலி.

எதிர்வீட்டுக் கன்னியம்மா கேட்டாள், "யாருடி ஓடறது உனக்கு?"

"நான் ஓடறேன்" என்றார் அவர்.

தெருவே சிரித்தது. கன்னியம்மா, "அண்ணே, பொடவ கட்டிக்கினு வா" என்றாள். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். அத்தை வாசலில் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

பத்து நடை நன்றாகப் போயிற்று. பதினோராவது நடையில் நின்றார். மாரில் கை. "வந்துடுச்சி நாகு." கதிர் நழுவிக் கழிகளுக்குள் உருண்டது. நூல் சிக்கு. சிக்கெடுக்க எனக்கும் கன்னியம்மாவுக்கும் மத்தியானம் ஆயிற்று. கோபத்தில் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டேன். என்ன வார்த்தை என்று எழுத மாட்டேன்.

சாயங்காலம். கிணற்றடியிலிருந்து ஒரு குடம் தூக்கி வந்தேன். இந்த வயிற்றோடு எனக்கு இரைத்தது. சட்டென்று ஒரு யோசனை. அவர் கையைப் பிடித்து என் மாரில் வைத்தேன்.

"ஐயோ, இப்படி அடிக்குதே! உனக்கும் வந்துடுச்சா?"

"குடம் தூக்கினேன், அடிக்குது. காலைல நீங்க நடந்தீங்க, அடிச்சிது. ரெண்டும் ஒண்ணுதாங்க."

கையை எடுக்கவில்லை. மெல்ல மெல்ல அடங்கியது. அடங்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்துபோய் அவரே ஒரு குடம் தூக்கி வந்தார். அத்தை கோவிலுக்குப் போயிருந்தாள், நல்லவேளை.

ஆவணி 15, வியாழன்

விட்ட பாவை முடித்தார். கூடவே ஓரமாக நானும் நடந்தேன், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. நடுவில் ப. வருகிற மாதிரி முகம் மாறியது. "நிக்காதீங்க. நான் கூடவே இருக்கேன். நிதானமா மூச்சு வுடுங்க" என்றேன். நிற்கவில்லை. நாற்பது நடை. ப. வரவில்லை. வந்து பார்த்துவிட்டு வெளியிலிருந்தே போய்விட்டது போல.

மூன்று தோசை தின்றார்.

ஆவணி 30, வெள்ளி

பாவு இருக்கிற நாள் ப. இல்லை. படுத்திருக்கிற நாள் உண்டு. இதை அத்தையிடம் சொன்னேன். "தாயத்து வேல செய்யுது" என்றாள். செய்யட்டும்.

கன்னியம்மா வீட்டுப் பாவுக்கும் இவரையே கூப்பிட்டுவிட்டார்கள். கேலி நின்றுவிட்டது. கால் நீளம், சீக்கிரம் முடிகிறதாம். கெண்டைக்கால் இறுகியிருக்கிறது. சொன்னேன். வெட்கப்பட்டார்.

புரட்டாசி 20

நான்கு நாளாய் மழை. தெருவில் ஆற்றைப்போல் தண்ணீர். பாவு ஏது? அவர் வீட்டோடு. செவ்வாயன்று ப. நேற்று இரண்டு தரம். இரண்டாவதில் என் கையை நசுக்கிவிட்டார், வளையல் ஒன்று உடைந்தது. எல்லாம் பழையபடி ஆகிவிட்டதே என்று அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

பார்த்துவிட்டார். குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். திரும்ப வரும்போது குடையிருந்தும் தொப்பல்.

"எங்க போனீங்க?"

"பெரிய கோவில் பிரகாரம். எட்டு சுத்து. மொத சுத்துல வந்துது, மூணாவதுல போயிடுச்சி."

"குடை?"

"வேகமா நடந்தா குடை மடங்கிக்குது."

இந்த மனுஷனை என்ன செய்ய. தலையைத் துவட்டிவிட்டேன்.

ஐப்பசி 6

வளைகாப்பு. இரண்டு கையிலும் முழங்கை வரை வளையல், எழுதினால் சத்தம். நாளை அம்மா அழைத்துப் போகிறாள். தலைப்பிரசவம், வாலாஜாபாத்தில்தான். அங்கே போய்விட்டால் இவருக்கு ப. வந்தால் கூட நடக்க யார் இருக்கிறார்கள்? அத்தை படுக்கப் போட்டுவிடுவாள். பிள்ளை பிறந்தால் பார்க்க வர வேண்டுமே. ரயில் என்றாலே அவருக்கு ஆகாது. சித்திரையில் முதன்முதல் வந்ததே ரயிலில்தான், கூட்டத்தில், கதவை மூடின பிறகு.

கேட்டுவிட்டேன். "வருவீங்களா?"

"வருவேன்" என்றார். உடனே அல்ல. என் வளையல்களை ஒரு தரம் எண்ணிவிட்டு.

ஐப்பசி 7

ஸ்டேஷனுக்கு வந்தார். வண்டி நகர்ந்ததும் கூடவே நடந்தார், பிறகு ஓடினார், பிளாட்பாரம் முடிகிறவரை. அங்கே நின்று மாரில் கை வைத்துக் காட்டினார். எனக்குப் பக்கென்றது. பிறகுதான் தெரிந்தது, சிரிக்கிறார்.

ஐப்பசி 19, வாலாஜாபாத்

கார்டு வந்தது. முழுவதும் இவ்வளவுதான்: "சௌக்கியம். மூன்று பாவு முடிந்தது. சனியன்று ஒரு தரம் வந்தது. நடந்தேன். போயிற்று. அம்மாவுக்குத் தெரியாது. நீ குடம் தூக்காதே."

பத்துத் தரம் படித்தேன். இப்போது தலையணைக்கடியில்.

கார்த்திகை 8

பெண். முந்தாநாள் விடிகாலையில். இருவரும் நலம். வலியில் அவர் பேரையே சொல்லிக் கத்தினேனாம். அம்மாவுக்கு மானம் போயிற்றாம். உடம்பெல்லாம் வலி, அதிகம் எழுத முடியவில்லை. அண்ணன் அவருக்குக் கார்டு போட்டிருக்கிறான். தீட்டுக் கழிந்து பதினாறாம் தேதி பார்க்க வரலாம் என்று.

கார்த்திகை 16

தலைக்குத் தண்ணீர் விட்டார்கள். வீடு கழுவியாயிற்று. காலை வண்டிக்கு அண்ணன் ஸ்டேஷன் போனான். அத்தையோடு மட்டும் திரும்பினான்.

அத்தை உள்ளே வரும்போதே, "ஸ்டேஷன் வரைக்கும் வந்தான்டி. வண்டி வந்துது. நீ போம்மான்னுட்டு திரும்பிட்டான்" என்றாள். அம்மா என் முகத்தைப் பார்க்காமல் பால் காய்ச்சப் போனாள். பதினோரு நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். கோபம் இல்லை. பயம். எங்கேயாவது விழுந்து கிடக்கிறாரோ என்று.

மத்தியானம் வாசலில் அண்ணன் கத்தினான். "இன்னா மாப்பிள்ள இது!"

முழங்கால் வரை சேறு. தோளில் செருப்பு. கையில் ஒரு பொட்டலம் இட்லி, பாதி நசுங்கி. காஞ்சிபுரத்திலிருந்து நடந்தே வந்திருக்கிறார். பத்து மைலுக்கு மேல்.

"ரயில்ல வந்திருக்கலாமே!" என்றாள் அம்மா.

"ரயில்ல உக்காந்துக்கினே வரணும் அத்த. நடந்தா பயமில்ல."

கால் கழுவிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். நானாகவே அவர் மாரில் கை வைத்தேன், எல்லோரும் இருக்கும்போதே. தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது. "நடந்ததால" என்றார். எனக்குத் தெரியும் என்றேன். அழுகை வந்துவிட்டது.

பிறகு குழந்தை. தொடவே பயந்தார். இரண்டு விரலை மட்டும் அதன் மாரில் வைத்தார். முகம் மாறிப்போயிற்று.

"நாகு! இன்னா இது, இப்படி அடிச்சிக்குது! என்னோடத வுட வேகமா இருக்குதே. எனக்கு இருந்தது இவளுக்கும்..."

உதடு வெளுத்துவிட்டது. இதோ வந்துவிட்டது என்றே நினைத்தேன்.

"பச்சக் குழந்தைங்க எல்லாத்துக்கும் அப்படித்தாங்க. மருத்துவச்சி சொன்னா. பத்து மாசம் நடந்து இப்பதான வந்து சேந்திருக்கா. இரைக்காதா?"

மறுபடி அதன் மாரில் விரலை வைத்துப் பார்த்தார். அப்புறம் குழந்தையைத் தூக்கினார், நூல்கதிரைத் தூக்குவது போல இரண்டு கையாலும். எழுந்து கூடத்தில் நடக்கத் தொடங்கினார். சுவருக்குப் போய்த் திரும்பி, வாசலுக்குப் போய்த் திரும்பி. அத்தை எழுந்தாள், தடுக்கப் போகிறாள் என்று நினைத்தேன். பாதையில் கிடந்த பாயைச் சுருட்டி ஓரமாக வைத்தாள்.

அவர் குழந்தையிடம் பேசுவது கேட்டது. "நான் கூடவே இருக்கேன். நிதானமா மூச்சு வுடு."

இதை எழுதும்போதும் நடந்துகொண்டிருக்கிறார். முப்பத்தெட்டு நடை வரை எண்ணினேன்.