மில்யு ஃபிளாட்ஸ், நூம்பல்

நவ. 11, செவ்வாய்

காலையிலேர்ந்து தூறல். துணி காயலை. புது ஃபிளாட்டுக்கு வந்து ஒரு மாசம், இன்னும் அட்ரஸ் சொல்ல வாய் வரலை. கேட்ல பித்தளை எழுத்துல "மில்யு". சிலிண்டர்காரர் போன்ல, "இன்னாம்மா பேரு, மில்லா?"

"மில்யு, அண்ணே."

"அதான், மில்லு. வந்துகினே கீறேன்."

வரலை.

சாயங்காலம் படியில மாடி வீட்டு ராபர்ட் சார். ரிட்டயர்டு காலேஜ் வாத்தியார், பேர் வச்சதே அவர்தான். அர்த்தம் கேட்டேன். தப்பு. உள்ள பால் பொங்கி அடுப்பெல்லாம்.

"பிரெஞ்சும்மா. 'மி'ன்னா நடு, 'லியு'ன்னா இடம். முதல்ல வெறும் நடு இடம்தான். அப்புறம் ஒருத்தர் எந்த மனுஷங்க நடுவுல வாழறாரோ, அந்தச் சூழலுக்கே பேராயிடுச்சு."

நல்ல வார்த்தைதான். சிலிண்டர்காரருக்கு யார் சொல்றது.

நவ. 13, வியாழன்

இப்பதான் உக்காந்தேன். கோணல் எழுத்து.

கீழ் வீட்டு கலாவுக்கு மத்தியானம் வலி வந்துடுச்சு. நாள் இருக்குன்னு சொல்லியிருந்தாங்க. புருஷன் அம்பத்தூர் எஸ்டேட்ல ஷிஃப்ட்டு, போன் லாக்கர்ல. ஆம்புலன்சுக்கு நான்தான் பேசினேன். மில்யு, மில்யுன்னு கத்தி தொண்டை போச்சு. டிரைவர் கரையான்சாவடி மாவு மில் வாசல்ல போய் நிக்கறார். "மில்லாண்டதாம்மா கீறேன். யாரையும் காணோமே."

கலா என் கையை நசுக்கறா. "இங்கயே பொறந்துடும்க்கா."

சத்தம் கேட்டு இறங்கி வந்த சார் போனை வாங்கினார். உச்சரிப்பு சொல்லித்தரப் போறார்னு பயந்தேன். இல்லை. "வேலப்பன்சாவடி ரோட்டுக்கு வாப்பா, நான் வெளிய நிக்கறேன்"னு சொல்லிட்டு லுங்கியோட, மழையில, குடைகூட இல்லாம ஓடினார். எதிர் டிபன் கடை தேவி அடுப்பை அணைச்சுட்டு வந்து கலாவைத் தாங்கிப் பிடிச்சா. அயர்ன் வண்டிக்காரர் தெரு முனைல ஆட்டோவையெல்லாம் ஒதுக்கினார். வண்டி வந்துடுச்சு.

ஆஸ்பத்திரி போன கொஞ்ச நேரத்துல பொண்ணு. ரெண்டு பேரும் சௌக்கியம். மாதாவே, நன்றி.

சாப்பிட்டேனா? ஞாபகமில்லை.

நவ. 16, ஞாயிறு

சர்ச்ல பூசை முடிஞ்சு வந்ததும் மொட்டைமாடியில அசோசியேஷன் மீட்டிங். பேரை மாத்தணுமா?

எல்லார் கண்ணும் சார் மேல. அவருக்கு ஜலதோஷம், கழுத்துல மஃப்ளர். மெதுவா எழுந்தார்.

"தமிழ்லயே இருக்கட்டும். சூழல், சுற்றம்னு என்னென்னமோ யோசிச்சேன். அன்னிக்கு ஓடி வந்தவங்களை நினைச்சா ஒரே வார்த்தைதான் பொருந்துது. அக்கம்பக்கம்."

கலா புருஷன்தான் முதல்ல கை தூக்கினார்.

டீ, சமோசா. சமோசா ஆறிப்போச்சு.

நவ. 23, ஞாயிறு

வெயில், அப்பாடா. போர்வையெல்லாம் துவைச்சாச்சு.

பெயின்டர் கேட் மேல போர்டு எழுதறார். சார் கீழ ஏணியைப் பிடிச்சுக்கிட்டு, "புள்ளி விட்டுடாதப்பா."

கலா குழந்தையைத் தூக்கிட்டு வெளிய வந்தா. தேவி கடையை விட்டுட்டு வந்து, "இப்டி குடு. நான் தூக்கிகினு நிக்கிறேன், நீ போய் துன்னுட்டு வா." அங்கேர்ந்து என் கைக்கு. என்கிட்டேர்ந்து அயர்ன்காரர் சம்சாரத்துக்கு. சார் ஏணியை விட்டுட்டு வந்து கை நீட்டினார்.

"சார், ஏணி..."

யார் கேட்டா. பெயின்டரும் இறங்கி வந்து, கையைத் துடைச்சுக்கிட்டு, அவர் பங்குக்கு எட்டிப் பாத்தார்.

போர்டுல இப்போதைக்கு "அக்கம்" மட்டும்தான்.