காயாத பாய்

மஸ்கட்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உங்களைக் கேட்டால் நீங்களும் சுகம் என்றுதான் சொல்வீர்கள். எனக்கு அங்கேதான் சந்தேகம்.

தரையில் உட்கார்ந்தே சாப்பிடுகிற நீங்கள் மூன்று மாதமாக வீடியோவில் எப்போதும் நாற்காலியில் இருக்கிறீர்கள். கேட்டால், “பத்தமடைப் பாயக் கழுவிக் காயப் போட்டிருக்கேம்லா” என்கிறீர்கள். பாளையங்கோட்டை வெயிலில் ஒரு பாய் காய மூன்று மாதமா? முன்பெல்லாம் காலை ஆறு மணிக்கே எடுத்த போனையும் இப்போது எட்டுக்குத்தான் எடுக்கிறீர்கள்.

எங்கள் கம்பெனி நர்ஸிடம் விசாரித்தேன். எழுந்தபின் மூட்டு விறைப்பு ஒரு மணி நேரம் தாண்டினால் வயசு என்று விடாமல் டாக்டரிடம் காட்ட வேண்டுமாம்.

உடன்குடிக் கருப்பட்டி கொஞ்சம் அனுப்புங்கள். தனியாகக் குடிக்கிற காப்பி ருசிக்கவில்லை.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை வீடியோவில் அந்தப் பாயில் உட்கார்ந்து காட்டுங்கள். உட்கார்ந்தால் மட்டும் போதாது. எதையும் பிடிக்காமல் எழுந்திருக்கவும் வேண்டும்.

உங்கள் மகன்,
குமரகுரு